முன்சீட்டுக்கு ஆசைப்பட்ட கதை

நம்ம சிலமலையிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கிறது. அதில் கங்காணிதான் உட்கார வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் அதுதான் வழக்கம். கங்காணி என்றால் பெரிய அதிகாரி ஒன்றும் கிடையாது. முதல் நாள் சாயங்காலம் தெருத்தெருவாகப் போய், "நாளைக்கு வர்றியா?" என்று கேட்டு ஆள் சேர்க்கிறவர். காலையில் அவர்களை ஏற்றிக்கொண்டு போய், தோட்டத்தில் இன்னாருக்கு இந்த வேலை என்று பிரித்துவிட்டு, சாயங்காலம் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்குகிறவர்.

பிள்ளைகளா, உங்கள் அப்பாவாகிய நான் ஆறு வருசம் அந்தச் சீட்டுக்கு ஆசைப்பட்டேன்.

சிரிக்காதீர்கள். நீங்கள் அந்த ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து போடிமெட்டு ஏறியதில்லை. உங்கள் அம்மாவையும் சேர்த்துப் பதினாலு பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மொத்தப் பேரும் ஒரு பக்கமாகச் சரிவோம். யாராவது ஒருவருடைய தூக்குவாளி ரசம் நம் மடியில் கொட்டும். படுதாவை இறக்கிவிட்டிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. எதிரே இருக்கிறவருடைய கொட்டாவிதான் தெரியும். முன்சீட்டுக்காரருக்கோ என்ஜின் சூடு காலுக்கு இதமாக இருக்கும். விடிகிற நேரத்தில் கீழே போடி ஊர் முழுவதும் விளக்கோடு தெரியுமாம். அதைப் பார்த்துக்கொண்டே போகலாமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு சும்மா நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்து ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டேன். கங்காணி மாதிரி ஒரு தடவை செருமிக்கொண்டேன்.

"என்ன மாப்ளே, எந்த ஊருக்கு டிக்கெட்டு?" என்று ஜீப்புக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. டிரைவர் படுத்துக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க எல்லோரும் என்னிடம் டிக்கெட்டுக் கேட்டார்கள்.

போன வருசம் மழைக்காலத்தில் எங்கள் கங்காணி வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பார்க்கப் போன என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அப்பு, ஒரு மாசம் நீ பாத்துக்க. சரியா வந்தா இனி நீயே இருந்துக்க. எனக்கும் முடியல."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். "நல்லதுதான்" என்றாள். அவ்வளவுதான். நான் இருந்த சந்தோசத்தில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் நாள் காலையில் முன்சீட்டில் ஏறினேன். என்ஜின் சூடு நிஜம்தான். போடி விளக்கும் நிஜம்தான். அள்ளிக் கொட்டின மாதிரி அத்தனை அழகாக இருந்தது. அந்தச் சந்தோசத்தை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலு நாள் அதை அனுபவித்தேன்.

ஐந்தாம் நாள் பின்னால் கெக்கெக்கே என்று ஒரே சிரிப்பு.

"என்ன? யாரு என்ன சொன்னா?" என்று திரும்பிக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றார்கள். உடனே எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இதற்கு முன்னால் என்னிடம் யாரும் ஒண்ணுமில்லை என்று சொன்னது கிடையாது. நான்தான் அந்த ஜீப்பில் பாதிச் சிரிப்புக்குக் காரணமே. இப்போது எனக்குச் சத்தம் மட்டும்தான் வந்தது, விசயம் வரவில்லை. டிரைவரோ வளைவில் வாயே திறக்க மாட்டார்.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. எனக்கு இல்லை என்று சொல்ல வராது. சாயங்காலம் ஆள் கேட்கப் போனால், ஒரு வாசலில் வரச் சொல்லும்போதே பக்கத்து வாசலில் இருக்கிறவர், "அண்ணே, எங்களையெல்லாம் மறந்துட்டீக" என்பார். அவரையும் வரச் சொல்லிவிடுவேன். அதற்கடுத்த வீட்டில் ஒரு ஆத்தா ஒன்றும் கேட்காமல் வெறுமனே பார்க்கும். அதையும் வரச் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் காலையில் பஸ்சு ஸ்டாப்புக்குப் போனால் இருபத்திமூன்று பேர் சோத்துத் தூக்குவாளியோடு நிற்கிறார்கள்.

டிரைவர் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "மாப்ளே, இது ஜீப்பு. திருவிழாத் தேரு இல்ல."

யாரைத் திருப்பி அனுப்ப? எல்லோரையும் நான்தானே வரச் சொன்னேன். கடைசியில், "நான் மிச்சப் பேரக் கூட்டிட்டு பஸ்சுல வர்றேன், நீங்க வெரசாப் போங்க" என்று சொல்லி, என் சீட்டில் ஒரு ஆத்தாவை உட்கார வைத்து அனுப்பினேன். உங்கள் அம்மா பின்னாலிருந்து படுதாவைத் தூக்கி என்னைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கை போனதைப் பார்த்தேன், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பஸ்சு தாமதம். மெட்டில் இறங்கி நாங்கள் தோட்டத்துக்கு நடந்து சேரும்போது மணி பத்து. கங்காணியே இல்லாத தோட்டத்தில் என்ன கூத்து நடக்குதோ என்று நினைத்துக்கொண்டே போனேன். செல்லிலும் சிக்னல் இல்லை.

போனால் தோட்டம் அமைதியாக இருந்தது. காய் எடுக்கும்போது எழுமே, அந்தச் சலசலப்பு மட்டும்தான். ஏலக்காய், செடியின் அடியில் தரையோடு படர்ந்து கிடக்கிற சரத்தில்தான் காய்க்கும். குனிந்து, விளைந்ததை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே அரிசி, அதாவது விதை, கறுத்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பிஞ்சு. உங்கள் அம்மா ஒரு புதுப் பெண்ணுக்கு அதைத்தான் உடைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கை வேகமாக ஓடுகிறவரையும் மெதுவாக எடுக்கிறவரையும் ஜோடி ஜோடியாக நிரையில், அதாவது செடி வரிசையில், விட்டிருந்தாள். என்றைக்கும் சண்டை போட்டுக்கொள்கிற இரண்டு பேரைத் தோட்டத்தின் இரண்டு கோடியில் நிறுத்தியிருந்தாள். ஆறு வருசம் அந்த ஜீப்பில் போன எனக்கு இது தோன்றியதே இல்லை.

என்னைப் பார்த்ததும், "வந்தாச்சா? மேல மூட்டை தூக்க ஆளில்ல. அந்த மூணு பேரக் கூட்டிட்டுப் போங்க. மத்தவங்க என்கூட வாங்க" என்றாள்.

நானும் சரி என்று போய்விட்டேன். பத்தடி ஏறின பிறகுதான் நான்தான் கங்காணி என்பது நினைவுக்கு வந்தது.

மேலே நின்ற மலையாளத்துச் சூப்பர்வைசர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "சேட்டா, நாளை முதல் சேச்சி மதி" என்றார். அவர்கள் பேச்சில் சேச்சி என்றால் அக்கா, மதி என்றால் போதும்; இனி உங்கள் அம்மாவே கங்காணியாக இருக்கட்டும் என்று அர்த்தம். மூட்டை தூக்க வந்த மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நாலு பேருமாகக் கதை பேசிக்கொண்டே மூட்டை சுமந்தோம். ரெண்டு வாரத்தில் அன்றைக்குத்தான் மத்தியானச் சோறு எனக்கு ருசியாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏம் புள்ள, உனக்குக் கங்காணி வேலை மேல ஆசை உண்டா?"

"நீங்க எத்தன வருசமா ஆசப்பட்டீங்க?"

"ஆறு."

"நான் பதினோரு வருசமா. நம்ம கலியாணத்துக்கு முந்தியே."

"சொல்லவே இல்லையே."

"என்னைய யாரு கேட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரே ஜீப்பில், ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். நான் என் ஆசையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளுடையதை ஒரு நாளும் கேட்கவில்லை.

அப்போதே போய்ப் பழைய கங்காணியிடம் சொன்னேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பொம்பள முன்னாடி உக்காந்து, நாங்க பின்னாடி போறதா? நம்ம ஜீப்புல அப்படி உண்டா? வேணும்னா நீ இரு, இல்லாட்டி வேற ஆம்பளயப் பாக்குறேன்."

மறுநாள் காலையில் வேற ஆளும் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தும்விட்டார். உங்கள் அம்மா பின்பக்கம் போனாள். ஆனால் அங்கே நின்ற பெண்கள் ஒருவரும் ஏறவில்லை.

"ஏறுங்க ஆத்தா, நேரமாகுது" என்றார் டிரைவர்.

"முன்னாடி எங்க மதினி ஏறட்டும், பெறகு ஏறுறோம்" என்றது ஒரு குரல். நேற்று உங்கள் அம்மா காயை உடைத்துக் காட்டிய புதுப் பெண்தான்.

"அண்ணே, அந்தச் சட்டைய நிரை பிரிக்கச் சொல்லுங்க பாப்போம்" என்றது இன்னொரு குரல். ஒரே சிரிப்பு. இந்தத் தடவை சிரிப்போடு விசயமும் எனக்குக் கிடைத்தது. பதினாலு பேரில் பதினோரு பேர் பெண்கள். அவர்கள் ஏறாவிட்டால் ஜீப்பு எதற்கு? டிரைவர் கணக்கைப் புரிந்துகொண்டு, வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்து, "மாமா, கொஞ்சம் எறங்குங்க" என்றார்.

உங்கள் அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். முதல் வளைவிலேயே மடியில் ரசம் கொட்டியது. எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஆசைப்படாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நிறைய ஆசைப்படுங்கள். அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்ததால்தான் அது எனக்கானது இல்லை என்று தெரிந்தது. பார்க்காமலே இருந்திருந்தால் இன்றைக்கும் அதை நினைத்தே ஏங்கிக்கொண்டிருப்பேன். அவளுக்கு அங்கே உட்கார்ந்தால்தான் மனசு நிறைகிறது, எனக்குப் பின்னால் இருந்தால்தான். இதில் யாருடைய ஆசை பெரிசு, யாருடையது சின்னது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் உனக்கு என்ன ஆசை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதை மட்டும் தாமதிக்காதீர்கள்.

அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் உங்கள் அம்மா ஆள் கேட்டுவிட்டு வந்தாள்.

"நாளைக்குப் பதினாலு பேரும் சேந்தாச்சு. உங்களுக்கு எடமில்ல."

"நான் உன் புருசன்!"

"அதுக்கு? கடைசி வீட்டுக்கு வரும்போது நெறஞ்சுபோச்சு. வீட்ல இருந்து பிள்ளைகளப் பாத்துக்கங்க."

எனக்கு வராத அந்த இல்லை என்கிற வார்த்தை அவளுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்! மறுநாள் காலையில் உங்களையும் எழுப்பி, அரைத் தூக்கத்தோடு பஸ்சு ஸ்டாப்புக்குக் கூட்டிப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் இரண்டு பேரும் அம்மா அம்மா என்று கையாட்டினீர்கள். அவள் திரும்பக் கையாட்டவில்லை என்று சின்னவனுக்குக் கோபம்கூட வந்தது.

கோபப்படாதேடா சின்னவனே. அவள் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்து, ஆள் எண்ணிக்கொண்டிருந்தாள்.