நஸீர் நானாவின் நான்கு நாள் வருஷம்

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு வரவேற்பறையில் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது பல்பையும் மாற்றியாயிற்று. அதுவும் எரியவில்லை. செய்து அனுப்பியவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கார அம்மா சுவரில் இருந்த சுவிட்சை மெல்லப் போட்டார். எரிந்தது. "இதை முதலே செய்திருக்கலாம் என்ன?" என்றார். இருபது வருஷமாக விளக்கு விற்கிறவன் நான்.

வெட்கம் ஆறுமுன் கைத்தொலைபேசி அடித்தது. நஸீர் நானாவின் மகன் ரிஸ்வான். "அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க. அஸர் தொழுகைக்குப் பொறகு மாளிகாவத்தையில அடக்கம்."

ஏணியை விட்டு இறங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவரைப் பற்றி இந்த ஏட்டுக்கு எழுதித் தரும்படி நமது வாசகர் வட்டத்தார் கேட்டார்கள். ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்தில் இரண்டாம் முறைதான் தேறியவன் நான். ஆனாலும் அவரைப் பற்றி நான் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் வேலை செய்த விளக்குக் கடையில், வெளியே போகும் ஒவ்வொரு சாமானையும் கடைசியாகச் சரிபார்க்கிறவர் நானாதான். "வெளிய போற சாமான் ஆடக்கூடாது தம்பி" என்பார். விளக்குத் தண்டில் எங்கே திருகாணி வர வேண்டுமோ அங்கே சிவப்புக் கோடு போடுவார். கோட்டைக் கண்டால் நாங்கள் குறடால் இறுக்குவோம். கேள்வி கேட்க மாட்டோம்.

பகல் சாப்பாடு முடிந்ததும், காட்சிக்குத் தொங்கும் விளக்குகளின் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு வானத்தைப் பற்றி வாசிப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வேறொரு சூரியனுக்குப் பக்கத்தில் சுற்றும் ஒரு கிரகத்தைப் பற்றிச் சொன்னார். நமது வியாழனைப் போல் மாபெரும் வாயுக் கிரகம். ஆனால் தன் சூரியனோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறதாம். எப்போதும் ஒரே முகத்தைத்தான் சூரியனுக்குக் காட்டுமாம்.

"அங்க வருஷம் நாலு நாள்ல முடிஞ்சிரும். நீங்க அங்க பொறந்திருந்தா நாலு நாளைக்கு ஒருக்கா கேக் வெட்டணும்."

"அப்ப என்ர சம்பளம் முழுக்கக் கேக்குக்கே போயிடும் நானா."

அவர் சிரித்தார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "அது பொறந்தது தூரத்துல. பொறகுதான் கிட்ட வந்து சேந்திருக்கும்னு சொல்றாங்க" என்றார். ஒரு உறவினரைப் பற்றிக் கதைப்பது போல் இருந்தது.

நமது வட்டத்தில் அந்தக் கிரகத்தைப் பற்றிப் பேச அவரை அழைத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதற்காக ஒரு மாதம் பாடுபட்டு ஒரு மாதிரியுருவைச் செய்தார். நடுவில் மஞ்சள் பல்பு. நீண்ட கம்பியில் வெள்ளை ரெஜிபோம் நுரைப் பந்து. சுழற்ற, கடைக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பழைய மோட்டர். அன்று ஞாயிற்றுக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லி, மாதிரியைத் துணியால் மூடி என்னிடம் தந்து ஓட்டோவில் அனுப்பினார்.

மண்டபத்தில் இறக்கியதும் துணியைத் தூக்கிப் பார்த்தேன். பந்து பல்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியின் கடைசியில் சிவப்புக் கோடு. காலி வீதியின் குலுக்கலில் பந்து உள்ளே வழுகிவிட்டது என்று முடிவு செய்தேன். நானா சொன்னது மறந்துபோய், பெரிய கிரகம் தூரத்தில்தானே இருக்கும் என்று என் ஓ.எல். மூளையும் சொன்னது. பந்தைக் கோட்டுக்கு நகர்த்தி, சட்டைப் பையில் இருந்த குறடால் திருகாணியை இறுக்கி, துணியால் மூடிவிட்டு, ஒரு பிளேன்ரீ குடித்தேன். என் வாழ்க்கையில் நான் மிகத் திருத்தமாகச் செய்த வேலை அதுதான்.

நானா வந்ததும் கூட்டம் தொடங்கியது. "சூரியனுக்கு எவ்வளவு கிட்ட ஈக்கிதுன்னு பாருங்க" என்று துணியை எடுத்தார். பந்து முன்வரிசைக்காரரின் மூக்குக்கு முன்னால் சுற்றிக்கொண்டு போனது. அந்தக் கோடு, நமது வியாழன் நிற்கும் தூரத்தைக் கடைசியில் ஒப்பிட்டுக் காட்டுவதற்காம்.

"சொல்லுறது கிட்ட, காட்டுறது தூர. எதை நம்புறது?" என்றார் முன்வரிசைக்காரர். மண்டபம் சிரித்தது. நானா பந்தைக் கம்பியில் உள்ளே தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. குறடு என் பையில் இருந்தது. நான் எழும்பவில்லை.

"கடைப் பழக்கத்துல என்ட கை தானா அங்க இறுக்கிட்டுது. வயசு போகுது, மன்னிச்சுக்கோங்க" என்றார் நானா.

பக்கத்தில் இருந்த என் மகள் காதுக்குள், "அப்பா, நீங்கள்தானே கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம். கொண்டு வந்தது மட்டும்தான்" என்றேன்.

அதன் பின் நானா எந்த மேடையிலும் ஏறவில்லை. மறுபடி அழைத்தபோது வேறு ஆள் பார்க்கச் சொன்னார். அதைவிட மோசம் கடையில் நடந்தது. தான் சரிபார்த்த விளக்கை என்னிடம் நீட்டி, "ஒருக்கா பாருங்க தம்பி. எனக்கு என்ட கையில நம்பிக்கையில்ல" என்பார். இரண்டு வருஷம் பார்த்தேன். ஒரு திருகாணிகூடத் தளர்ந்திருக்கவில்லை. "சரியா இருக்கு நானா" என்பேன். ஒவ்வொரு முறையும் அடுத்த வசனம் தொண்டை வரைக்கும் வரும். பிறகு யாராவது வாடிக்கையாளர் வருவார். வராவிட்டால் நானே போய் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவேன்.

அன்று சிரித்தவர்களும் இந்த ஏட்டைத்தான் வாசிக்கிறீர்கள். நீங்கள் சிரித்திருக்க வேண்டியது என்னைப் பார்த்து.

மாளிகாவத்தை மையவாடியில் ரிஸ்வான் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கிரக மாதிரியுரு இன்னும் கட்டிலுக்குக் கீழே இருக்கிறதாம். நானா பந்தைப் பல்புக்குக் கிட்டத் திருப்பிப் பூட்டி வைத்திருந்தாராம். "அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கிட்டே ஈப்பாங்க அங்கிள். எப்பிடிப் பிழை வந்துச்சுன்னு யோசிப்பாங்க."

வரிசையில் எனக்கும் இடம் விட்டார்கள். குனிந்து மூன்று பிடி மண் போட்டேன். போய் வாருங்கள் நானா என்றது மட்டும் வாயில் வந்தது. மற்றது வரவில்லை.

நானா, அது உங்கட கையில்லை. என்ர கை.