ஒடூரோவின் மூன்று மில்லிமீட்டர்

டீசல் பம்ப்பைப் பிரித்துக் கவிழ்த்துவிட்டு, எண்ணெய் வடிகிற நேரத்தில் ஒடூரோ வலது உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொள்கிறான். பிறகு மாமியாரைக் கையில் எடுக்கிறான். லாரிக் கம்பியைச் சுருளாக வளைத்து, இரண்டு முனைகளிலும் குழாய்த் துண்டு மாட்டிய கைப்பிடிச் சுருள்வில் அது; இரண்டு பிடிகளும் ஒட்டும்வரை ஒரே கையால் அமுக்க வேண்டும். எங்கள் சுவாமே பட்டறைப் பேட்டையில் இருப்பதிலேயே முரடான வில். யாருக்கும் வளைந்துகொடுக்காததால் அந்தப் பெயர். அமுக்கும்போது ஒடூரோவின் முகத்தில் எதுவும் மாறுவதில்லை. காதுகள் மட்டும் பின்னால் போகின்றன.

ஆள் ஒல்லி. கழுத்தெலும்புக் குழியில் நட்டு, போல்ட் போட்டு வைக்கலாம். நான் பக்கத்துக் கொட்டகையில் லாரி டயர் கழற்றுகிறவன். அவனைவிட இரண்டு மடங்கு கனம், நான்கு வயது பெரியவன். ஆனாலும் பிடியில் அவன் எனக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்து நின்றான். முதல் வருத்தம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

பயிற்சி நாளில் அவன் யாருக்கும் கை கொடுக்க மாட்டான். மணிக்கட்டை நீட்டுவான். "விரலுக்கு வேலை இருக்கு, இதைப் பிடிச்சுக்கோங்க" என்பான். பாதிரியாருக்கும் மணிக்கட்டுதான். பாலைக்காற்று அடிக்கும் மாதங்களில் உள்ளங்கை வெடிக்காமலிருக்க ஷியா கொட்டை வெண்ணெய் தடவி, பழைய காலுறைக்குள் கையை விட்டுக்கொண்டு தூங்குவான். இதைச் சொன்னது அவன் மனைவி செர்வா. "ஊருக்குத்தான் பயில்வான். வீட்டுல தக்காளி டின்னைத் திறக்கறது நான்" என்றும் சொன்னாள்.

பதினான்கு மாதம் அவன் மூன்று மில்லிமீட்டரில் நின்றான். முழு மூச்சாக அமுக்கிய பிறகும் இரண்டு பிடிகளுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. வால்வு சரிபார்க்கிற ஃபீலர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதற்குள் நுழைத்து அளப்பான். கதவின் உட்பக்கம் எழுதுவான்: 3, 3, 3, 3. உத்தரத்தில் தொங்கிப் பார்த்தான். சிமெண்ட் வாளிகளை விரல் நுனியில் தூக்கி நடந்தான். காலை பத்து, மாலை பத்து என்றிருந்ததை முப்பது முப்பது ஆக்கினான். ஒருநாள் கதவில் மூன்றரை என்று எழுதினான்.

நான் இரண்டில் இருந்தேன். என் இரண்டும் ஒரு வருடமாக நகரவில்லைதான். ஆனால் பக்கத்தில் ஒரு மூன்று இருக்கும்வரை எனக்கு இரண்டு போதுமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டெட்டே என்ற லாரி ஓட்டுநர் டயர் மாற்ற வந்தார். டெமா துறைமுகத்தில், மேசைமேல் முழங்கை ஊன்றி எதிராளியின் கையைச் சாய்க்கும் போட்டிகளில் பரிசு வாங்கியவர். எங்கள் இருவர் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒடூரோ ஒரு வண்டிக்காரன் கூப்பிட்டதும் போய்விட்டான்.

"உங்க கை பலமில்லாம நிக்கலப்பா. களைச்சுப்போய் நிக்குது" என்றார் டெட்டே. "பத்து நாள் அந்தக் கம்பியைத் தொடாதீங்க. அப்புறம் கொஞ்சமா பண்ணுங்க, அந்தக் கடைசி இடைவெளியை மட்டும். அந்தப் பையன்கிட்டயும் சொல்லிடு."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. நானும் செய்யவில்லை. நான் பத்து நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அவன் முந்திவிடுவானே.

மழைக்காலத்தில் ஒடூரோவுக்கு மலேரியா வந்தது. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கஞ்சிக் கோப்பையைக்கூட செர்வாதான் பிடித்தாள். அவன் வலது கை போர்வைமேல் மல்லாந்து கிடந்தது. காய்ப்புகள் தோலோடு உரிந்திருந்தன. அதைப் பார்க்க எனக்கு இதமாக இருந்தது. திரும்பி வந்ததும் மாமியாரை நாற்பது முறை அமுக்கினேன். அவன் படுத்திருந்த பதினோரு நாளும் ஒருநாள் விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் கால்சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். "எவ்வளவு போயிருக்குன்னு பாப்போம்" என்று, சாக்பீஸ்கூடத் தடவாமல் மாமியாரை அமுக்கினான். டக்கென்று ஒரு சத்தம். கம்பி உடைந்துவிட்டதென்று நினைத்து, வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுபடி அமுக்கினான். மறுபடி டக்.

"மாமியாரோட வாயை மூடிட்டான்டா" என்று வெல்டிங்காரன் சொல்ல, கொட்டகை நிறைய ஆள் கூடிவிட்டது.

"மழையில கிடந்து கம்பி தளர்ந்துபோயிருக்கும்" என்றேன் நான்.

யாராவது சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒடூரோ யோசித்துவிட்டு, "இருக்கும்ணே. நீங்க பாருங்க" என்று நீட்டினான். அத்தனை பேர் முன்னால் அமுக்கினேன். என் கழுத்து நரம்பு புடைத்தது. அவனே தகடுகளை அடுக்கி அளந்தான். இரண்டரை.

அதை அவன் சத்தமாகச் சொல்லவில்லை. தகடுகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான்.

மாலையில் பட்டறை காலியானதும் என் டயர்மேல் வந்து உட்கார்ந்தான். "படுத்துக் கிடந்தப்ப ஒண்ணு தோணிச்சுண்ணே. நாம கையை ஆறவே விடல. காய்ச்சல் என்னைக் கட்டாயமா விட வச்சிருச்சு. நீங்களும் பத்து நாள் விட்டுப் பாருங்க. அப்புறம் கடைசி இடைவெளி மட்டும், கொஞ்சமா."

டெட்டே சொன்னது அப்படியே. அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அப்படியா?" என்று மட்டும் கேட்டேன்.

"செஞ்சு பாருங்க. உங்களுக்கும் மூடுற வரைக்கும் நானும் தொடமாட்டேன்."

மாமியாரை இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினான். "எங்கிட்ட இருந்தா எடுத்துருவேன். நீங்களே வச்சுக்கோங்க" என்று சாவியை என் சட்டைப் பைக்குள் விட்டான். பிறகு, காய்ச்சலில் மெலிந்த விரல்களால், பையின் அந்தச் சின்னப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க மூன்று நான்கு தடவை முயன்று, போட்டுவிட்டான்.