மூன்று முதலாளிகளும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பும்

சீனிவாசகம் அரசியல் அறிவியலில் எம்.ஏ. படித்தவர். அரசுக் கல்லூரி வேலைக்கு எழுதிப் போட்டுப் போட்டே வயது கடந்துவிட்டது. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்டார். விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் நிஜமாகவே வாத்தியார். தபால் வழியில் பி.ஏ. படிக்கிறவர்களுக்கு ஒரு பள்ளிக்கூட அறையில் வகுப்பு எடுப்பார். வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். வாரம் முழுக்கக் குனிந்து வேலை பார்த்த உடம்பு, மின்விசிறிக் காற்று பட்டதும் கண் சொருகும். அவர் யாரையும் எழுப்புவதில்லை. அவருக்கே தூக்கமாகத்தான் இருக்கும்.

கம்பெனியில் பெரிய முதலாளி தங்கச்சாமி இருந்த வரைக்கும் எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். ஒரு சீசனில் மெஷின்மேன் கருப்பணன், மகளுக்குக் காது குத்து என்று லீவு கேட்டான். கேட்ட விதம் பிடிக்கவில்லை போல. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி. சீனிவாசகம் அவனுக்காகப் பேசப் போனார்.

"வாத்தியாரே, உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி போனை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் முறையிட ஆள் கிடையாது. கருப்பணன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

2005-இல் தங்கச்சாமி காலமானார். செல்வக்குமார், மகேஷ்குமார், காளீஸ்வரன் என்று மகன்கள் மூவரும் ஒரே அறையில் மூன்று மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் நிம்மதி. ஒருவர் விரட்டினால் இன்னொருவரிடம் போய் நிற்கலாம் அல்லவா? சீனிவாசகமும் அப்படித்தான் நினைத்தார். அதிகாரம் ஒரே கையில் இருக்கக் கூடாது, பிரிந்திருந்தால் ஒன்றை ஒன்று தடுக்கும் என்று எத்தனையோ வருஷமாகப் பாடம் நடத்தியவர்.

அடுத்த வருஷம் ஈரோட்டு ஜவுளிக்கடை ஒன்றின் ஆர்டர் வந்தது. படத்தைச் சுற்றித் தங்கக் கலர் பார்டர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பெரியவர் செல்வக்குமார் சரி என்றார். நடுவுள்ளவர் மகேஷ்குமார், "பார்டர் வேண்டாம், நேரமாகும். கடைக்காரங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். சின்னவர் காளீஸ்வரன் யாரையும் கேட்காமல், பார்டர் இல்லாமலே அச்சான லோடை ஏற்றச் சொல்லிவிட்டார். லாரி போன வேகத்தில் அத்தனையும் திரும்பி வந்தது.

மூன்று மேஜைக்கும் நடுவில் சீனிவாசகம் நின்றார்.

"நான் பார்டர் போடத்தானே சொன்னேன்?" என்றார் பெரியவர்.

"அண்ணன் சொல்லியிருந்தா நீங்க எங்கிட்ட வந்து கேட்டிருக்கணும்லா?" என்றார் நடுவுள்ளவர்.

"ரெடின்னு சொன்னாக, ஏத்தினேன். எனக்கென்ன தெரியும்?" என்றார் சின்னவர்.

மூன்று பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், தப்பு வாத்தியாருடையது என்பதுதான். அவரை ஆர்டர் மேஜையிலிருந்து தூக்கி, பார்சல் கட்டுகிற கொட்டகைக்கு அனுப்பினார்கள். அவர் வாதாடவில்லை. யாரிடம் வாதாடுவது என்பதே விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடம், அரசாங்க முறைகளை ஒப்பிடுவது எப்படி என்பது. அவர் புத்தகத்தை மூடி வைத்தார்.

"நாட்டுப் பேரை விட்டுருங்க. மன்னராட்சியோ, நாடாளுமன்றமோ, அதிபர் ஆட்சியோ, எல்லாத்துக்கிட்டயும் ஒரே கேள்வியக் கேளுங்க. முடிவு எடுக்கிறது யாரு? அவரத் தடுக்க யாருக்கு உரிமை இருக்கு? தப்பாப் போனா பதில் சொல்ல வேண்டியது யாரு? அடிதடி இல்லாம அவர மாத்த முடியுமா? இதுதான் ஒப்பிடுறது."

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து வருகிற மாரிசெல்வி அன்றைக்குத் தூங்காமல் இருந்தாள்.

"எந்த ஆட்சி நல்லதுன்னு நீங்க சொல்லவே இல்லியே சார்?"

"பரீட்சையில அதக் கேக்க மாட்டாங்கம்மா."

பின்பெஞ்சில் ஒருவர் அதையும் எழுதிக்கொண்டார்.

"எங்க கம்பெனியில போர்மேன் வச்சதுதான் சட்டம் சார். பக்கத்துக் கம்பெனியில ஆளுகளுக்குக் கமிட்டி இருக்காம். அங்கன போயிரலாமான்னு பாக்கேன்" என்றாள் மாரிசெல்வி.

"போறதுக்கு முன்னாடி நான் சொன்ன கேள்விகள அங்கன கேட்டுப் பாரு."

"கேட்டா வேலை தருவாகளா சார்?"

தூங்காமல் இருந்தவர்கள் சிரித்தார்கள். சீனிவாசகமும் சிரித்தார். மாரிசெல்வி மட்டும் பதிலுக்குக் காத்திருந்தாள். தர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, கூட்டாட்சி, ஒற்றையாட்சி என்று அடுத்த தலைப்பை எழுதினார். அவள் கடைசி வரைக்கும் பழைய கம்பெனியிலேயே இருந்தாள். பி.ஏ. முடித்த பிறகும் அதே கம்பெனி வேனில்தான் வேலைக்குப் போனாள்.

2008-இல் அண்ணன் தம்பிகள் பிரிந்துகொண்டார்கள். மகேஷ்குமார் தனியாகக் கம்பெனி போட்டார். ஆர்டர் பார்க்க ஆள் வேண்டும் என்று சீனிவாசகத்தைக் கூப்பிட்டார். கொட்டகைத் தூசியில் இருமிக்கொண்டிருந்தவர் மறு பேச்சில்லாமல் போனார்.

முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார். "வாத்தியாரே, இங்கன நான் சொல்றதுதான். வேற யாரு வந்து என்ன சொன்னாலும் கேக்காதீக."

சீனிவாசகத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிற பஸ் திருத்தங்கல் தாண்டிய பிறகுதான், தனக்கு வந்தது நிம்மதி என்பது உறைத்தது. கருப்பணன் தூக்குவாளியோடு வெளியே நடந்தது ஞாபகம் வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல அலுப்பு. விருதுநகர் வந்து கண்டக்டர்தான் தோளைத் தட்டி எழுப்பினார்.

அந்த வாரப் பாடம் தனிமனித ஆட்சியின் குறைகள். புத்தகத்தைப் பார்த்தே வாசித்தார். யாரும் கேள்வி கேட்கவில்லை.