சுந்தரத்தின் மூன்று வண்டிகளும் ஒரு டவுன்ஷிப் நோட்டீசும்

போன சனிக்கிழமை நான் ஒரு வீட்டை ஓட்டிக்கொண்டு ரூட் ஒன் நெடுஞ்சாலையில் போனேன்.

நிஜமாகத்தான். கட்டில், அடுப்பு, கழிவறை, ஜன்னலில் பூப்போட்ட திரை... எல்லாம் எனக்குப் பின்னால் ஆடிக்கொண்டே வந்தன. இதற்கு மோட்டார்ஹோம் என்று பெயர். ரிட்டயரான அமெரிக்கர்கள் இதில் ஏறி ஊர் ஊராகச் சுற்றுவார்கள். நான் ஓட்டியது இருபது வருஷப் பழசு. பிரேக்கா? அதற்குத்தான் வருகிறேன்.

வண்டி, நண்பன் சுந்தரத்திடம் ரிப்பேருக்கு வந்தது. (பெயர்களை மாற்றிவிட்டேன்.) சுந்தரம் பார்சிப்பனியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். மனைவி விஜி, குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். வீடு மான்மவுத் ஜங்ஷனில்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நயாகரா போவதற்காக ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினான். ஓட்டலில் சைவச் சாப்பாடு கிடைக்காது என்பது காரணம். பாதி வழியில், மோட்டார்ஹோம்கள் தங்கும் ஒரு கேம்ப்கிரவுண்டில் வண்டி படுத்துவிட்டது. விஜி உப்புமா கிளறி முடிப்பதற்குள் இவன் அடியில் புகுந்து சரிசெய்துவிட்டான். பக்கத்து வண்டிக் கிழவர் பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்னுடையதையும் கொஞ்சம் பார்க்கிறாயா?" என்றார். அப்புறம் அவருக்குப் பக்கத்து வண்டி. நான்கு நாள் லீவும் அங்கேயே போயிற்று. இவர்கள் நயாகராவை இன்னும் பார்க்கவில்லை.

அதிலிருந்து வீட்டுவாசலில் எப்போதும் மூன்று வண்டிகள். இந்தப் பழைய வண்டிகளை எந்த மெக்கானிக்கும் தொட மாட்டான். பார்ட்ஸ் கிடைக்காது. சுந்தரம் கிடைக்காத பார்ட்டைத் தானே கடைந்து செய்வான். ஆனால் வெளியில் கேட்டால், "சும்மா ஹாபி" என்பான். இன்ஜினியர் மெக்கானிக் ஆகிவிட்டான் என்று நம்மவர்கள், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் பேசுவார்களே! பேசவும் பேசினார்கள்.

இந்த நிலையில்தான் டவுன்ஷிப்பிலிருந்து, அதாவது ஊர் நிர்வாகத்திடமிருந்து, நோட்டீஸ் வந்தது. குடியிருப்புப் பகுதியில் ரிப்பேர் தொழில் நடத்தக் கூடாது. பத்து நாளில் வண்டிகளை அகற்ற வேண்டும். யாரோ போனில் புகார் செய்திருக்கிறார்கள்.

சுந்தரம் இடிந்துபோவான் என்று நினைத்தேன். இரண்டே நாளில், நான்கு மைல் தள்ளி ஒரு பழைய உருளைக்கிழங்கு குடோனை வாடகைக்குப் பிடித்தான். வேலையை ராஜினாமா செய்தான். எனக்குத் தலை சுற்றியது.

சனிக்கிழமை காலை ஓடாத இரண்டு வண்டிகளை அவனே டிரக்கில் கட்டி இழுத்துக்கொண்டுபோய் விட்டான். மூன்றாவதன் சாவியை என்னிடம் நீட்டினான்.

"நீ ஓட்டு. நான் பின்னால கார்ல வர்றேன். பிரேக் லைட் எரியுதான்னு பார்க்கணும்."

"பிரேக் பிடிக்குமா?"

"பிடிக்கும்டா. ரெண்டு தடவை மிதிக்கணும். முதல் மிதி சும்மா தகவல் சொல்ற மாதிரி."

வழிகாட்ட விஜி பக்கத்தில் உட்கார்ந்தாள். ரூட் ஒன்னில் ஒரு சின்ன இறக்கம். கீழே சிவப்பு விளக்கு. விளக்குக்காக நின்ற ஒரு பால் லாரி.

மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. லாரியின் பின்பக்கத்தில் வரைந்திருந்த பசுமாடு பெரிதாகிக்கொண்டே வந்தது.

விஜி கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்: "அண்ணா! டவுன்ஷிப்புக்கு போன் பண்ணினது நான்தான்!"

இரண்டாவது மிதி. பின்னால் அலமாரிகள் திறந்து தட்டுமுட்டெல்லாம் உருண்டன. பசுமாட்டின் மூக்குக்கு ஓர் அடி முன்னால் வீடு நின்றது.

சுந்தரம் பின்னால் காரிலிருந்து கட்டை விரலை உயர்த்தினான். பிரேக் லைட் எரிந்ததாம்.

"இப்ப என்ன சொன்னே?" என்றேன்.

"ஒண்ணுமில்லே அண்ணா."

"விஜி!"

"பின்னே என்ன பண்றது? ரெண்டு வருஷமா ஒரு ஷெட் எடுங்கன்னு கெஞ்சறேன். டியூட்டி முடிஞ்சு வந்தா கார் நிறுத்த இடமில்லே. பாத்டப்ல கார்புரேட்டர் ஊறுது. வேலையை விடுங்க, என் சம்பளம் போதும்னும் சொல்லிட்டேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னே ஓட்டறார். அவருக்குப் பயம் அண்ணா, நம்ம ஜனங்க என்ன சொல்லுவாங்களோன்னு. அதான் அமெரிக்கன் மாதிரி மூக்கால பேசி கம்ப்ளெயின்ட் பண்ணிட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்த நிமிஷம் நான் உயிரோடு இருந்ததே போதுமாக இருந்தது.

குடோன் வாசலில், முகவரி எழுதிய துண்டுக் காகிதத்தோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி காத்திருந்தார்கள். கேம்ப்கிரவுண்டுக் கிழவர் அனுப்பியவர்களாம். விஜி அவர்களை உள்ளே அழைத்துப் போய், எந்த வண்டி எங்கே நிற்கும் என்று கையை வீசி விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

சுந்தரம் நான் ஓட்டிவந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். குனிந்து, "புகார் பண்ணினது யாருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"தெரியும்டா. டவுன் ஆபீஸ்ல போய் விசாரிச்சேன். யாரோ ஒரு லேடியாம். பேர் சொல்லலை. ஆனா மூணு வண்டியும் எந்த வருஷத்து மாடல், எதுக்கு ரியர் ஆக்ஸில் போயிருக்கு, எது கியர்பாக்ஸ் இல்லாம நிக்குது... எல்லாம் கரெக்டா சொல்லியிருக்கா. எங்க தெருவுல என்னை விட்டா அதெல்லாம் தெரிஞ்சவ ஒருத்திதான்."

"கோபம் வரலையா?"

ஸ்பானரைத் தரையில் வைத்தான்.

"கார் பார்க்லயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் படிப்பும் படிச்சு, டியூட்டியும் பார்த்துக்கிட்டு, என் வண்டியோட ஆக்ஸில் வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கா. நான் ஊர் என்ன சொல்லும்னு பயந்துக்கிட்டிருக்கேன். நேரே போய் குடோனுக்குக் கையெழுத்துப் போட்டேன். டேய், எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே. சாமர்த்தியமா ஜெயிச்சுட்டோம்னு சந்தோஷமா இருக்கா."

அவனுக்கும் சத்தியம் செய்தேன்.

இருவரிடமும் நான் கொடுத்த வாக்கு, சொல்ல மாட்டேன் என்பதுதான். எழுத மாட்டேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லையே!