முன் சீட்டில் உட்கார்ந்த சித்தப்பா

என் வீட்டுக்காரரோடு கூடப் பிறந்தவர்கள் ஆறு பேர். மூத்தவருக்கு வரிசையாக மூன்று பெண்கள், கடைசியில் ஒரு பையன். அந்த மூன்றில் நடுப்பெண்ணின் கழுத்தில் தொங்கிய நீல அட்டையை ஒருத்தன் எப்படிக் கழற்ற வைத்தான், அதற்கு எங்கள் வீட்டு மனிதர் ஒருவர் எப்படித் துணை போனார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அந்த வீட்டு மனிதர் என் புருஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடி மறைத்தேன் என்று பிறகு யாரும் என்னைச் சொல்லக்கூடாது.

துறைமுகத்தில் அவளை ‘எட்டு’ என்று கூப்பிடுவார்கள். உல்லாசக் கப்பலில் வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஊரைச் சுற்றிக் காட்டுவது அவள் தொழில். ஒரு தடவைக்கு எட்டே பேர். ஒன்பதாவது ஆள் வந்து கெஞ்சினாலும் ஏற்ற மாட்டாள். “எட்டுக்கு மேல போனா முகம் மறந்துடும் சித்தி” என்பாள்.

இந்தத் தொழிலுக்கு அவள் சொகுசாக வந்துவிடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருஷம், கப்பல் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற லாண்டரியில் நின்றாள். கொதிக்கிற ஆவியில் நின்று நின்று இரண்டு முழங்கையிலும் தோல் உரிந்து கிடக்கும். துணி கொண்டு வருகிற கப்பல் பையன்களிடம் பேசிப் பேசித்தான் இங்கிலீஷ் வந்தது. பிறகு ஏஜென்ட் கம்பெனி பஸ்ஸில் மைக் பிடிக்கிற வேலை கிடைத்தது. ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர். காலையில் ஏற்றி, கம்பெனிக்கு வேண்டிய மூன்று கடைகளில் இறக்கி, கோட்டை வாசலில் பத்து நிமிஷம் போட்டோவுக்கு நிறுத்தி, சாயங்காலம் கப்பலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

ஒருநாள் வயதான ஒரு அம்மாள் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். இவள் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். சூப்பர்வைசர் போனில், “அடுத்த கடை வந்ததும் போகட்டும், நேரம் இல்ல” என்றான். அடுத்த கடை வருவதற்குள் அந்த அம்மாள் உட்கார்ந்த சீட்டிலேயே நனைந்துபோனாள். ஐம்பது பேர் முன்னால். இவள் தன் துப்பட்டாவை எடுத்து அந்த அம்மாளின் மடியில் போர்த்திவிட்டு, மைக்கை டிரைவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கம்பெனி ஆபீசுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தாள். என்ன சொன்னாள் என்பதை நான் எழுத முடியாது. அந்தச் சூப்பர்வைசர் அதை மறக்கவே இல்லை.

அப்புறம்தான் இவளும் தம்பியும் சேர்ந்து ஒரு பழைய வேனைப் பிடித்தார்கள். தம்பி ஓட்டுவான், இவள் காட்டுவாள். ஆனால் கப்பல் அடியில் போர்டு பிடித்து நிற்க துறைமுக ஆபீசின் பாஸ் வேண்டும். அதுதான் நான் சொன்ன நீல அட்டை. அது இல்லாதவர் கேட்டுக்கு உள்ளே காலை வைக்க முடியாது. பதினொரு மாதம் நடையாய் நடந்து அதை வாங்கினாள். கழுத்தில் போட்டுக்கொண்டு வந்த அன்று வீட்டில் எல்லாருக்கும் அதை எடுத்து எடுத்துக் காட்டினாள்.

கோட்டையும் கடையும் அவள் காட்டுவதில்லை. மீன் ஏலக் கொட்டகை, பழைய கப்பல் சாமான் விற்கிற சந்து, தான் நின்ற லாண்டரி, சந்தைக்குள் ஒரு டீக்கடை. எட்டுப் பேரும் அதிலேயே மயங்கிப் போவார்கள். அவர்கள் பெயரெல்லாம் இவள் வாயில் நுழையாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். வேனில் ஏறும்போதே ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து, உறவு முறை சூட்டிவிடுவாள். தொப்பி போட்டவர் பெரியப்பா. அவர் மனைவி பெரியம்மா. தொந்தி வைத்தவர் மாமா. இப்படி அத்தை, சித்தப்பா, சித்தி, அண்ணன், அண்ணி என்று எட்டும் முடிந்துவிடும். தலையை எண்ணமாட்டாள், முறையைத்தான் சொல்லிப் பார்ப்பாள். “டேய், மாமாவைக் காணோம்டா, அத்தை மட்டும் நிக்குது” என்பாள் தம்பியிடம். அவனும் போய்த் தேடிக் கூட்டி வருவான். ஆறு வருஷத்தில் ஒரு ஆளைத் தவறவிட்டதில்லை.

இது நடந்த அன்றைக்குக் கப்பல் கிளம்பும் நேரம் ஐந்து மணி. நாலரைக்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும், அதற்குப் பிறகு படியைத் தூக்கிவிடுவார்கள். மூன்றரை மணிக்குச் சந்தையில் வெயில் தாங்காமல் அன்று சித்தி முறை சூட்டிய வெளிநாட்டு அம்மாளுக்குத் தலை சுற்றியது. இவள் மற்ற ஆறு பேரை வேனில் ஏற்றி, கண்ணால் பார்த்துக்கொண்டாள். அவள் புருஷனான சித்தப்பா மட்டும் பின்னால் கடை பார்த்துக்கொண்டு நின்றார். “அவரை ஏத்திக்கிட்டு நீ கேட்டுக்கு வந்துடு. நான் இவங்களை மருந்துக்கடையில காட்டிட்டு ஆட்டோல வரேன்” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இங்கேதான் என் புருஷன் வருகிறார்.

சந்தையில் ஒரு பழைய டேபிள் ஃபேன் வாங்கப் போயிருந்தார். வாங்கிக்கொண்டு திரும்பினால் எதிரே வேன். அதில் வெளி ஆளை ஏற்றக்கூடாது என்று அவருக்குத் தெரியும். அவள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். தம்பி யோசித்ததும், “அக்காதான் என்னை ஏறிக்கச் சொன்னா” என்று ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஃபேனோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மருந்துக்கடை வாசலில் அந்த வெளிநாட்டுச் சித்தி, புருஷன் வந்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறாள். எட்டு தம்பிக்குப் போன் போட்டாள்.

“டேய், சித்தப்பா ஏறிட்டாரா?”

“ஏறிட்டாருக்கா. முன்னாடி சீட்லதான் உக்காந்திருக்காரு.”

“சரி, கிளம்பு. நேரா வா.”

அவன்மேல் தப்புச் சொல்ல முடியுமா? அக்காதான் ஏறச் சொன்னாள் என்று சித்தப்பா சொல்கிறார். அடுத்த நிமிஷமே அக்கா போன் போட்டு, சித்தப்பா ஏறிட்டாரா என்கிறாள். அந்த வெளிநாட்டுக்காரரைக் கடைப்பக்கம் காணாததால், அவரும் பொண்டாட்டி பின்னாலேயே மருந்துக்கடைக்குப் போய் அக்காவோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். வேன் கிளம்பிவிட்டது.

கேட்டில் வேன் வந்து நின்றபோது மணி நாலு; எட்டும் அந்த வெளிநாட்டு அம்மாளும் ஆட்டோவில் முன்னாலேயே வந்து நின்றார்கள். ஆறு பேர் இறங்கினார்கள். ஏழாவதாக ஃபேனைத் தூக்கிக்கொண்டு என் புருஷன் இறங்கினார்.

“என்னம்மா இப்படிப் பாக்குற?” என்றாராம்.

“நீங்க எங்க சித்தப்பா இங்க?”

“நான் உன் சித்தப்பா இல்லாம வேற யாரு?”

அவளுக்குப் புரிந்த நேரத்தில் அந்த அம்மாளுக்கும் புரிந்துவிட்டது. புருஷன் இல்லாமல் கப்பலில் ஏறமாட்டேன் என்று கேட் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஏற வேண்டியது இப்போது இரண்டு பேர்.

வேனை எடுக்கப் பார்த்தால் பின்னால் கம்பெனி பஸ் வந்து அடைத்துக்கொண்டு நிற்கிறது. சூப்பர்வைசர் நிழலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு அவனிடம் போனாள். இவனிடம் போய் நிற்க வேண்டியிருந்ததே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

“சார், பஸ்ஸைக் கொஞ்சம் நகத்தச் சொல்லுங்க. அப்படியே கப்பலுக்கு ஒரு போன் போடுங்க. ஒரு பத்து நிமிஷம் படியைத் தூக்க வேணாம்னு.”

“எங்க பஸ் லேட்டானா கப்பல் காத்திருக்கும். எட்டு மேடம் வேனுக்கெல்லாம் காத்திருக்காது.”

“எனக்காக இல்ல சார். வயசானவங்க ரெண்டு பேரு.”

“அதான் நாங்க காலையில இறங்கும்போதே சொல்றோமே, வெளியாளை நம்பிப் போகாதீங்கன்னு. யாரு கேக்குறா?”

அவன் கையில் போன் இருந்தது. போன வாரம்தான் அவனுடைய பஸ் ஒன்று வழியில் டயர் வெடித்து நின்றது. இதே போனில் சொல்லி இருபத்தைந்து நிமிஷம் கப்பலை நிறுத்தி வைத்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்வரை அது எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு பட்டனை அழுத்த அவனுக்கு விரல் வரவில்லை.

எட்டு ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்தாள். சந்தை ஐந்து கிலோமீட்டர். டீக்கடை, சாமான் சந்து எங்கும் ஆள் இல்லை. கடைசியில் முடிவெட்டுகிற கடையில் கண்டுபிடித்தாள். மனிதர் கண்ணை மூடி, முகம் முழுக்க சோப்பு நுரையோடு சாய்ந்து கிடக்கிறார். ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது. இவளைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையைக் காட்டினாராம்.

“இன்னொரு பக்கம் இருக்கும்மா” என்றார் கடைக்காரர்.

“அது கடல்ல வழிச்சுக்கட்டும்” என்று துண்டோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

நாலு முப்பத்திமூன்றுக்குக் கேட். கப்பல் ஆட்கள் அப்போதுதான் படிக்கயிற்றைத் தொட்டிருந்தார்கள். புருஷனும் பொண்டாட்டியும் கையைக் கோத்துக்கொண்டு ஏறினார்கள். மேல் தட்டில் நின்று, ஒரு பக்கம் தாடியும் ஒரு பக்கம் பளபளப்புமாக அந்த மனிதர் கப்பல் மறைகிறவரை கையை ஆட்டினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனாலும் மறுநாள் காலை புகார் போய்விட்டது. பயணியை அனாதையாக விட்டுவிட்டு வந்தாள், இவளைப் போன்றவர்களை உள்ளே விடுவது துறைமுகத்துக்கே கெட்ட பெயர் என்று அந்தச் சூப்பர்வைசர் நீட்டி எழுதியிருந்தான். ஆபீசில் பாஸைக் கழற்றி வாங்கி இழுப்பறையில் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் விசாரணை என்றார்கள்.

விசாரணைக்கு நான்தான் என் புருஷனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். வழி முழுக்க முட்டி வலி, குடும்ப மானம் என்று புலம்பினார். நீளமான அறை, ஒரு ஓரத்தில் பீரோ, நடுவில் அதிகாரி. நான் கதவோரம் நின்றேன். எட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அதிகாரி இவர் பக்கம் திரும்பினார்.

“நீங்க அந்த வேன்ல வந்தீங்களா?”

“இல்லைங்க. நடந்துதான் வந்தேன்.”

“அஞ்சு கிலோமீட்டர். அந்த வெயில்ல. ஃபேனைத் தூக்கிக்கிட்டு?”

“காத்தாட நடந்தேங்க.”

பக்கத்தில் இருந்த கிளார்க் சிரித்தான். எட்டு சிரிக்கவில்லை, அவர் பக்கம் திரும்பவும் இல்லை. அண்ணன் பெண். காது குத்தும்போது இவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தினார்கள். ஒரு ஓசிச் சவாரியை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போனேன்.

“எங்க வீட்டுக்காரர் பொய் சொல்றாருங்க. வேன்லதான் வந்தாரு. அக்கா ஏறச் சொன்னான்னு சொல்லி ஏறினாரு. வீட்டுக்கு வந்து என்கிட்ட பெருமையா சொன்னாரு.”

“நீ எதுக்கு இதுல வர்றே?” என்றார் அவர்.

“நீங்க உங்க வாயாலே சொல்லியிருந்தா நான் ஏன் வரேன்?”

அதிகாரி பேனாவை வைத்தார். “அம்மா, நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா அப்பவும் வெளி ஆளை வேன்ல ஏத்துனது தப்பாயிடுதே.”

எட்டு சொன்னாள்: “தப்புதான் சார். எழுதிக்குங்க. நான் திரும்ப ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணலை, அதுவும் என் தப்பு. எழுதிக்குங்க.”

“அப்ப கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடும்மா. ஒரு மாசத்துல பாஸைத் திருப்பித் தந்துடலாம்.”

“போடுறேன் சார். அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதணும். பஸ் சூப்பர்வைசர் கையில போன் இருந்துச்சு, கேட்டேன், போட மாட்டேன்னாரு. பஸ்ஸையும் நகத்தலை. போன வாரம் அவங்க பஸ்ஸுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் கப்பல் நின்னுச்சு. அதையும் எழுதுங்க.”

“அது இந்த விசாரணையில வராதும்மா.”

“ரெண்டு வயசானவங்க கரையில நின்னா பரவாயில்லன்னு ஒருத்தர் நினைச்சது எந்த விசாரணையில சார் வரும்?”

அதிகாரி காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் படித்தாள், மடிக்காமல் அப்படியே திருப்பித் தள்ளினாள்.

“கையெழுத்து இல்லாம பாஸ் வராது” என்றார்.

“தெரியும் சார். இங்கயே இருக்கட்டும்.”

வெளியே வந்து நான் அவளைத் திட்டினேன். ஒரு மாதம்தானே, போட்டுத் தொலைத்திருந்தால் என்ன என்று கேட்டேன். “போட்டா நான் மட்டும்தான் தப்புன்னு ஆயிடும் சித்தி” என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த கப்பல் செவ்வாய்க்கிழமை வந்தது. கேட்டுக்கு வெளியே, ரோட்டில் போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கப்பலிலிருந்து அங்கே வர வெயிலில் நடக்க வேண்டும். வெளியே யாரும் இல்லை, வெளியே போனால் ஆபத்து என்று கம்பெனிக்காரர்கள் படியடியிலேயே சொல்லி அனுப்பினார்கள். அன்று ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்த கப்பலில் இரண்டு பேர். அதற்கும் அடுத்ததில் ஐந்து பேர்.

அந்த ஐந்து பேர் வேனில் ஏறும்போது சூப்பர்வைசர் கேட்டைத் தாண்டி வந்தான். நானும் அன்று அங்கே இருந்தேன்.

“இங்க நிக்கக் கூடாது” என்றான்.

“யாரு சொன்னது?”

“துறைமுகத்து இடம் இது.”

எட்டு காலால் தரையைக் காட்டினாள். “அந்த வெள்ளைக் கோடு வரைக்கும்தான் உங்க துறைமுகம். இந்தப் பக்கம் ரோடு. ரோட்டுல நிக்கவும் பாஸ் வேணும்னா, போய் அதையும் ஒரு புகாரா எழுதிக் குடுங்க. நான் இங்கதான் இருப்பேன்.”

அவன் ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே போனான். தம்பி வேனைக் கிளப்பினான்.