ஐஸ் பிடிக்காத ஃப்ரிட்ஜ்

1976 தை மாதம், மைசூர் அக்ரஹாரத்தில் அந்தத் தெருவின் முதல் ஃப்ரிட்ஜ் திரிபுரசுந்தரி வீட்டில் வந்து இறங்கியது. மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர் விற்றுவிட்டுப் போன பழசு. "உனக்காகத்தான் வாங்கினேன்" என்றார் அவள் கணவர் வைத்யநாதன். ரயில்வே ஆபீஸில் ஹெட்கிளார்க். இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் வாய்விட்டுக் கேட்காமல் அந்த மனிதர் வாங்கி வந்த முதல் பொருள் அதுதான். அவள் அதன் நெற்றியில் குங்குமம் வைத்தாள், காலடியில் கோலம் போட்டாள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அவளுக்கு அப்படி ஒரு பூரிப்பு.

ஹனூரிலிருந்து கந்தசாமி என்ற மெக்கானிக் வந்து இரண்டு நாள் அதைக் குடைந்து ஏதேதோ மாற்றினான். அடித்தட்டை மறைத்துத் தகரக் கதவு ஒன்று போட்டுப் பூட்டும் மாட்டினான். "அதுக்குள்ளே மோட்டார் சமாசாரம். கையை வெச்சா ஷாக் அடிக்கும்" என்றார் வைத்யநாதன். ஐஸ் வருமா என்று கேட்டாள். "மைசூர் கிளைமேட்டுக்கு ஐஸ் பிடிக்காது." ஃப்ரிட்ஜையே பார்த்திராதவள் வேறு யாரை நம்புவாள்?

கொத்தமல்லி வாடவில்லை. கத்தரிக்காய் சுருங்கவில்லை. பால் மட்டும் மறுநாளே திரிந்தது. "சும்னே கதவைத் தொறந்துண்டே இருந்தா குளிர் எப்படி நிக்கும்?" என்று வைத்யநாதன் எரிந்து விழுந்தார். அவள் ஒரு நாளைக்கு இரண்டே தடவை திறந்தாள். அப்போதும் திரிந்தது. மடி போதவில்லை என்று நினைத்து, குளித்து ஈரப்புடவையோடு வந்து திறந்தாள். தூரமான மூன்று நாளும் அந்தப் பக்கம் நிழல்கூடப் படாமல் பார்த்துக்கொண்டாள். இதையெல்லாம் வைத்யநாதன் ஈஸிசேரில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆனியில் ஒரு சனிப் பிரதோஷம் வந்தது. அன்று பால்காரன் வரமாட்டான் என்பதால், தெருப் பெண்கள் முந்தின நாள் மாலையே அபிஷேகப் பாலைச் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைக்கக் கொடுத்தார்கள். ஸ்வாமி பாலாவது திரியாது என்று நம்பி அவளும் வாங்கி வைத்தாள். கோயிலில் மூடியைத் திறந்தால் பால் திப்பி திப்பியாக நின்றது. பெண்கள் கொதித்துப்போனார்கள். "அந்தப் பொட்டியில என்னதான் இருக்கு, போய்ப் பார்த்துடலாம்" என்று இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். அடுத்த வீட்டுக் காமாக்ஷிதான் குறுக்கே நின்று தடுத்தாள். "பொட்டி என்ன பண்ணும்? பாவம், அவ கைராசி அப்படி. அவளை ஒண்ணும் சொல்லாதேங்கோ."

பதினைந்து வருஷத் தோழி பரிந்து பேசினாளே என்று திரிபுரசுந்தரிக்கு அப்போது நன்றியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை தெருவில் ஒட்டிக்கொண்டது. வளைகாப்பு என்றால் முதல் வளையல் போட அவளைத்தான் கூப்பிடுவார்கள், அது நின்றுபோனது. அவளுக்கே தன் கைமேல் பயம் வந்துவிட்டது. தயிருக்கு உறை ஊற்றுமுன்கூடக் கையை இரண்டு தடவை கழுவினாள்.

புரட்டாசியில் ஒரு நாள், வைத்யநாதன் ஆபீஸ் போயிருந்த நேரத்தில், கந்தசாமி எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்கம்மா, ரசம் நல்லாப் பொங்குதுங்களா?"

"எந்த ரசம்?"

"திராட்சை ரசமுங்க. பதினெட்டு டிகிரியிலயே நிக்கோணும்னு ஐயா சொன்னாருங்க. அதுக்குத்தானுங்க தெர்மோஸ்டாட்டையே மாத்துனேன். சூடு ஏறுனா காடியாப் போயிரும், ரொம்பக் குளிர்ந்தா பொங்காதுங்க."

"அந்தக் குளிர்ல பால் நிக்குமா?"

"பாலுங்களா? ஒரு நாள்கூடத் தாங்காதுங்க. ஐயாகிட்ட அப்பவே சொன்னேனுங்களே!"

அவள் கேட்டுக்கொண்டதால் கந்தசாமி தகரக் கதவின் திருகாணிகளைக் கழற்றினான். உள்ளே நான்கு கண்ணாடி ஜாடிகள். கறுப்புத் திராட்சை நுரைத்துக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

மாலையில் வைத்யநாதன் மறுக்கவில்லை. கூட வேலை பார்க்கும் ரயில் கார்டு ஒருவர் கற்றுக்கொடுத்தாராம். வாரத்துக்கு ஒரு டம்ளர்தானாம், மருந்து மாதிரி.

"நீங்க குடிச்சதைக் கேக்கலே. எட்டு மாசமா என் கைமேல பழி போட்டேளே, அதைக் கேக்கறேன்."

"ஜாடியை எடுத்துடறேன். ஊரைக் கூட்டாதே."

"காமாக்ஷியாத்துக்குப் போய், பால் திரிஞ்சது என்னாலதான்னு உங்க வாயால சொல்லுங்கோ. அது போறும்."

"அது பழைய கதை. அதைப் போய் எதுக்குக் கிளறணும்?" என்றார் அவர், காப்பியை ஆற்றியபடி.

தன் டம்ளர் வெளியே தெரியாமல் இருக்க, பெண்டாட்டி ஆயுசு பூராவும் ராசியில்லாதவளாக இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற மனிதரோடா இருபது வருஷம் வாழ்ந்தோம்? செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் காமாக்ஷி வீட்டுக்குப் போய், மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்டதும் காமாக்ஷி பதறுவாள், விடிந்ததும் தெருப் பெண்கள் முன்னால் தன் கைக்காகப் பேசுவாள் என்று நம்பிக்கொண்டு சொன்னாள்.

காமாக்ஷி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"எங்காத்து மனுஷர் ஞாயித்துக்கிழமையானா உங்காத்துக்குச் சீட்டாடவா வரார்? மாசி மாசமே அவர்மேல வாடை வந்துது. கேட்டேன், சொல்லிட்டார். அன்னிக்குக் கோயில்லேர்ந்து அவாள்லாம் கிளம்பினாளே, பொட்டியைத் தொறந்திருந்தா ரெண்டாத்து மானமும் போயிருக்கும். அதான் உன் கைமேல போட்டேன். கை என்ன, வாயைத் தொறந்து பேசப்போறதா?"

வைத்யநாதன் பயந்தாங்கொள்ளி, அது திரிபுரசுந்தரிக்குப் புதிதில்லை. ஆனால் அந்தப் பிரதோஷத்துக்குப் பிறகு, தன் கைக்கு என்ன சாபம் பிடித்ததோ என்று அவள் தினமும் அழுதது இந்தச் சமையலறையில்தான். அழாதே சுந்தரி, எல்லாம் ஸ்வாமி பார்த்துப்பார் என்று காமாக்ஷிதான் ஒவ்வொரு நாளும் அவள் கண்ணைத் துடைத்துவிட்டிருந்தாள்.