நாகேஸ்வரையர் கேட்ட இன்வாலிட் பென்ஷன்

கரமனையில் எங்கள் எதிர்வீட்டு நாகேஸ்வரையர் ஒரு சர்க்கார் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் நகல் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன். எழுதினால் உதை எனக்குத்தான் விழும். ஆள் குச்சி, தலைப்பாகை பெரிசு. தெருக்கோடியிலிருந்து பார்த்தால் தலைப்பாகை மட்டும் தனியாக வேலைக்குப் போவது போலிருக்கும்.

அவருக்கு மேலே மானேஜர் சிவதாணு பிள்ளை, நாஞ்சில் நாட்டுக்காரர். அடிக்க மாட்டார், கத்தவும் மாட்டார். ஐயர் எழுதி முடித்த நகலை வாங்கி, ஒரு வரிகூடப் படிக்காமல், வெற்றிலைச் சாறு பட்ட விரலை அதன்மேல் அழுத்தி வைப்பார்.

"கறை பட்டுப் போச்சே சாமி. வேற எழுதும்."

சில நாள் ஒரே நகல் நான்கு தடவை. பத்து வருஷம் இப்படி. ஐயருக்குச் சாப்பிட்டது தங்காமல் போயிற்று. கை நடுங்க ஆரம்பித்தது. காலையில் பத்து மணி அடித்தால், ஞாயிற்றுக்கிழமையானாலும் கொல்லைப்பக்கம் ஓடுவார்.

மலையாள வருஷம் 1111, கர்க்கடக மாசத்தில் ஒரு நாள் பிள்ளை விரலை வைத்தார். ஐயர் தலைப்பாகையைக் கழற்றி மசிக்கூட்டின் மேல் வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் வெறுந்தலையோடு வீட்டுக்கு நடந்து வந்தார். அவர் மனைவி வாலாம்பாள் மாமி, யாரோ செத்துப்போன சேதி வந்திருக்கிறது என்று நினைத்து அழவே தொடங்கிவிட்டாள்.

உடம்பு கெட்டு வேலையை விடுகிறவர்களுக்கு ஒரு சின்னப் பென்ஷன் உண்டு. இன்வாலிட் பென்ஷன் என்பார்கள். அது கிடைத்தால் இரண்டு பேர் கஞ்சியாவது குடிக்கலாம். கிடைக்காவிட்டால் மாமி நாலு வீட்டில் சமைக்கப் போக வேண்டும். அதற்கு டாக்டர்கள் சர்ட்டிபிகேட் வேண்டும். அதற்கு முன்னால் மானேஜர் சிபாரிசு எழுதி ஃபாரத்தில் கையெழுத்திட வேண்டும். அதாவது யாரால் உடம்பு கெட்டதோ அவரிடமே போய், கெட்டது நிஜந்தான் என்று எழுதி வாங்க வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதினவன் என்னைவிடப் பெரிய போக்கிரி. அதுவரை ஐயருக்குச் சம்பளமில்லாத லீவு. பெயர் மட்டும் ஆபீஸ் புஸ்தகத்தில் இருக்கும்.

"ஏண்டா, நீதான் ஸ்கூலுக்கும் போறதில்லையே. மாமாவோட கூடப் போயேன். வழியில தலை சுத்தி விழுந்துட்டார்னா?" என்றாள் மாமி. போனேன்.

முதல் நாள் கிள்ளிப்பாலம் தாண்டி ஆபீஸ் வரை ஐயருக்குக் கை வெடவெடவென்று ஆடியது. ஆபீஸ் வாசலில் ஹாஜர் புஸ்தகம் விரித்து வைத்திருந்தது. உள்ளே நுழைந்தவர் தாமே குனிந்தார், பேனாவைத் தொட்டார், தம் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அந்த ஒரு நிமிஷம் கை நடுங்கவேயில்லை. நான் சிரித்துவிட்டேன், சேவகனும் சிரித்தான். பிள்ளை இருந்த இடத்திலிருந்தே பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"வாரும் சாமி. ஃபாரமா? போடாம இருப்பனா? வந்ததோட இந்த ரெண்டு ஷீட்டை எழுதித் தந்திரும். உம்ம எழுத்து மாதிரி இங்க எவனுக்கு வருது?"

ஐயர் உட்கார்ந்து எழுதினார். சாயங்காலம் பிள்ளை சொன்னார்: "நாளைக்குப் பாப்போம்."

சிங்க மாசம் போயிற்று, கன்னி போயிற்று, துலாமும் பாதி போயிற்று. தினமும் வருவார், வாசலில் கையெழுத்துப் போடுவார், உட்கார்ந்து எழுதுவார். சம்பளம் காலணா இல்லை. தெருவில் நான் அவரைப்போல நடுங்கிக்கொண்டே வந்து, குனிந்து, கையெழுத்தை மட்டும் ஜோராகப் போட்டுக் காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமியே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள். அந்தக் கையெழுத்து எங்கே போய் முடியும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என் மண்டையிலும் ஏறவில்லை.

துலாம் கடைசியில் பிள்ளை ஃபாரத்தில் கையெழுத்திட்டார். "நல்லாத்தான் எழுதிருக்கேன் சாமி. டாக்டர்மாருக்குப் பாக்க வேண்டிய ரிக்கார்டெல்லாம் நானே அனுப்பி வைக்கேன்."

ஐயர் இரண்டு கையாலும் கும்பிட்டார். திரும்புகிற வழியில் எனக்கு ஒரு ரசவடை வாங்கிக் கொடுத்து, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பென்ஷன் வந்தா என்ன பண்ணப்போறேள் மாமா?"

"காலம்பற பத்து மணிக்கு, காலை நீட்டிண்டு படுத்துக்கணும்டா. அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள். "நன்னா நடுங்குங்கோ மாமா" என்று வாசலில் சொல்லிக் கொடுத்தேன்.

"சொல்லித் தரணுமாடா? தானா வரதே."

குடிக்கக் கொடுத்த தண்ணீர் முக்கால்வாசி வேஷ்டியில் கொட்டியது. சின்ன டாக்டர் முகம் இளகி ஏதோ எழுதினார். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் பெரிய டாக்டர், மானேஜர் பிள்ளை அனுப்பிய கட்டைப் பிரித்தார். உள்ளே ஹாஜர் புஸ்தகம். அடியில் மூன்று மாத நகல்கள், முத்து முத்தாக.

"இது தன்டெ ஒப்பல்லே?"

தம்முடைய கையெழுத்துதான் என்று ஐயர் தலையாட்டினார்.

"அறுபத்தெட்டு தெவசம். ஒரு தெவசம்கூட லேட் இல்லா. பின்னே அசுகம் எந்தாணு?"

என்ன வியாதி என்று கேட்டதற்கு ஐயர் ஹாஜர் புஸ்தகத்தைப் பார்த்தார். கடைசியில், "ஹாபிட், சார்" என்றார்.

மூன்று பேரும் சிரித்தார்கள். சின்ன டாக்டர் தாம் எழுதியதை அடித்தார். வேலைக்குத் தகுதியுள்ளவர் என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை சேராவிட்டால் தானாக விட்டுப் போனதாகக் கணக்கு; இருபத்திரண்டு வருஷமும் வீண். அறுபத்தெட்டு நாள் எழுதினாரே, அதற்குச் சம்பளம் கேட்கலாமா? கூடாது. அவர்தான் லீவில் இருந்தாரே!

பிள்ளை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "உம்மை விட்டுருவனா சாமி? உம்ம இடத்துல வேற ஒருத்தனையும் வைக்கலே. திங்கக்கிழமை வாரும்."

"சரி சார். ரொம்ப உபகாரம்" என்றார் ஐயர்.

அது கேலி இல்லை. கேலி எது என்று எனக்குத் தெரியும். அவர் நிஜமாகவே நன்றி சொன்னார்.

பிள்ளையின் செருப்பை எடுத்துச் சாக்கடையில் எறிய வேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஐயர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கரமனை வரை விடவில்லை, நானும் உதறவில்லை.

மாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "கிடைச்சுதா?"

ஐயர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "வேலை கிடைச்சிருக்கு."

மாமியின் முகம் விளக்கேற்றினதுபோல் ஆயிற்று. "நெஜமாவா? எந்த ஆபீஸ்ல?"

ஐயர் என்னைப் பார்த்தார். ஹெட்மாஸ்டரிடமே கூசாமல் பொய் சொன்னவன் நான். அன்றைக்குப் பார்த்து, ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.